நனைந்தால் எவ்வளவு கனக்கும்?

துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைத்து யாருக்காவது கொடுக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் டிசைனில்தான் தொடங்குகிறார்கள். போனில் படம் படமாக அனுப்பி, “அக்கா, இதுல எது நல்லா இருக்கு?” என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த வீட்டில் துணி துவைப்பது யார், எங்கே வைத்து?

மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் நனைத்து, கல்லில் அடித்து, இரண்டு கையாலும் பிழிந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு முன்னால் கட்டிய கயிற்றில் போடுகிற வீடா? வாளியில் ஊறவைத்து ஹொஸ்டல் கம்பியில் தொங்கவிடுகிற பையனா? மெஷினில் துவைத்து மெஷினிலேயே காயவைக்கிற கனடாக்காரியா? இது தெரியாமல் நான் ஒரு துண்டுகூட வெட்டுவதில்லை. போர்வை என்றால் நம் ஆட்கள் கதகதப்பை யோசிப்பார்கள், அழகை யோசிப்பார்கள். நனைந்தால் அது எவ்வளவு கனக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பிழிய முடியாத போர்வை துவைக்கப்படாது. துவைக்கப்படாத போர்வை கொஞ்ச நாளில் நாய்க்குப் போகும், இல்லையென்றால் அலுமாரிக்குப் போகும்.

நான் வழக்கமாகத் தைக்கிற அளவு 60 அங்குல அகலம், 72 அங்குல நீளம். மேலும் கீழும் பொப்ளின், நடுவில் மெல்லிய பொலியஸ்டர் பஞ்சு. காய்ந்தபடி நிறுத்தால் ஒரு கிலோவும் கொஞ்சமும் வரும். அதையே தண்ணீரில் முக்கி, ஒரு பிழி பிழிந்து தராசில் தொங்கவிட்டால் மூன்று கிலோவைத் தாண்டுகிறது. நடுவில் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய கம்பளியை வைத்துத் தைத்தால் இதைப்போல இரண்டு மடங்கு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழிப்பார்களே, நான் அதை அப்படியே திருப்பிப்போட்டு, போர்வைக்கு ஈரத்தைக் கூட்டிக் கணக்குப் பார்க்கிறேன்.

கம்பளி என்றதும் அப்பாயி ஞாபகம் வருகிறது. தலையிலிருந்து முதுகுக்குக் கம்பளியைப் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து எடுத்த காலத்தை அது சொல்லும். மழை ஏற ஏற முதுகில் கனமும் ஏறுமாம். போதாக்குறைக்கு, அந்தக் கம்பளிக்கான காசையும் சம்பளத்தில்தான் பிடித்தார்களாம். ஈரக் கம்பளியைச் சுமந்த வம்சத்துக்கு இன்னொரு ஈரச் சுமையைத் தைத்துக் கொடுக்க எனக்கு மனசில்லை.

இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கம் போர்வை தைப்பதற்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை எல்லாம் இதே கதைதான். அந்த மாதங்களில் ஒரு சட்டை காய்வதற்கே அடுப்பங்கரையில் கொடி கட்டவேண்டும். காய்ந்ததும் புகை மணக்கும். ஆனால் வெட்டுவதற்கும் துண்டு சேர்ப்பதற்கும் மழை நல்ல காலம். வெளியே போக வழியில்லை, ரவிக்கைத் தையலும் குறைவு. ஆக, ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரைக்கும் துண்டு சேர்ப்பு. தீபாவளி நெருங்கினால் ரவிக்கை ஓடர் குவிந்துவிடும், போர்வை மூட்டையைக் கட்டி மேலே போட்டுவிடுவேன். டிசெம்பர் கழிந்து ஜனவரி பிறந்தால் எங்கள் பக்கம் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் குளிர் எலும்பைத் தொடும். ஜனவரி முதல் மார்ச் வரைதானே எங்கள் பகுதியான டிம்புலவின் தேயிலைக்கே நல்ல மணம் ஏறுகிற காலம். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் அப்போது புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும். போர்வையைக் கடைசியாகத் துவைத்துக் காயப்போட்டு, பொங்கலுக்குக் கையில் கொடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. குளிர் இருக்கும்போது கொடுத்தால்தான் அன்றைக்கே போர்த்துவார்கள். ஏப்ரலில் கொடுத்துப் பாருங்கள், “நல்லா இருக்கு, பத்திரமா வைக்கிறேன்” என்பார்கள். அந்தப் பத்திரம்தான் எனக்குப் பயம்.

இந்த முறை பட்டியலில் இருப்பவர்களைச் சொல்கிறேன். முதலில் மாமியார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் லயத்துக் காம்பராவில்தான் இருக்கிறார். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், “எனக்கு இஸ்தோப்பு வேணும் தாயி, ஒங்க வீட்டுல எங்க ஒக்காந்து ஊர பாக்குறது?” என்கிறார். இஸ்தோப்பு என்றால் லயத்தின் முன்திண்ணை. விரல்களில் வாதம். ஒரு துவாலையைப் பிழியவே முகம் சுளிக்கிறவருக்கு மூன்று கிலோ போர்வையைக் கொடுத்தால் அது பரிசா, தண்டனையா? அதனால் அவருக்கு ஒரு பெரிய போர்வைக்குப் பதிலாக இரண்டு சின்னப் போர்வை, ஒவ்வொன்றும் 42க்கு 54 அங்குலம். ஒன்றைத் துவைத்தால் மற்றது கையில் இருக்கும். விடியற்காலை இஸ்தோப்பில் உட்காரும்போது தோளில் போட்டுக்கொள்ளலாம், இரவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொள்ளலாம். இரண்டு மெல்லிய போர்வைக்கு நடுவில் காற்றுத் தங்குவதால், ஒரு தடித்த போர்வை தருகிற சூட்டுக்கு அது குறையாது.

அவருக்கு நடுவில் பொலியஸ்டர் பஞ்சு வைக்கமாட்டேன். விறகடுப்புக்குப் பக்கத்தில் பலகைக்கட்டை போட்டு உட்கார்கிறவர். பருத்தியும் நெருப்புப் பட்டால் எரியும்தான், ஆனால் உருகாது. பொலியஸ்டரும் நைலோனும் உருகித் தோலில் ஒட்டும். பழைய ஃப்ளனல் பெட்சீட் ஒன்றை நடுவில் வைத்துத் தைக்கப் போகிறேன். மேலே சீத்தைத் துணி, கரும்பச்சையும் காப்பிக் கொட்டை நிறமும். வெற்றிலைச் சாறு விழுந்தாலும் தெரியாது, புகை படிந்தாலும் தெரியாது. கறை பிடித்துவிடுமே என்று யாரும் எடுத்து மடித்து வைக்க முடியாத நிறமாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

துண்டு சேர்ப்பதற்கு அவருக்கு ஒரு சுற்றுக் கட்டம். நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டிகள். மரவீடு அடுக்குவதுபோல் இருப்பதாக அமெரிக்கர்கள் இதற்கு லொக் கெபின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடுச்சதுரத்தைச் சிவப்பாக வைப்பது அவர்களிடம் பழைய வழக்கம், அது வீட்டின் அடுப்பாம். மாமியாரிடம் சொன்னதும் சிரித்துவிட்டு, “அப்ப கொஞ்சம் பெரிய அடுப்பா வைய்யி” என்றார்.

அடுத்தது தங்கச்சி மகளின் குழந்தை. ஓகஸ்டில் பிறக்கவேண்டியது. இதற்குப் போர்வை என்று பெயர் வைத்தாலும் நான் தைப்பது கீழே விரிப்பதற்கு. பச்சைக்குழந்தை தூங்கும் இடத்தில் முகத்துக்குப் பக்கத்தில் தடித்த துணி, தலையணை எதையும் வைக்கவேண்டாம் என்று மிட்வைஃப் மிஸ்ஸி வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்கிறார். முதல் ஒரு வருடம் அது போர்த்திக்கொள்ள அல்ல, குப்புறப் படுத்துத் தவழ. அதனால் 36க்கு 36 அங்குலம். பொத்தான் இல்லை, மணி இல்லை, சமிக்கி இல்லை. பிய்ந்து வாய்க்குள் போகக்கூடிய ஒன்றும் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இந்த அளவைத்தான் சொல்வேன், கணக்கு அவ்வளவு சுலபம். தைத்து முடிந்ததும் 6 அங்குலம் நிற்கவேண்டும் என்றால், நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு ஆறரை அங்குலத்தில் வெட்டவேண்டும். 36 அங்குல விரிப்புக்கு ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு, மொத்தம் 36 சதுரம். 45 அங்குல அகலத் துணியில் குறுக்கே ஆறு சதுரம் தாராளமாக வரும். ஒரு மீட்டர் என்பது 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நெடுக்கே ஆறு சதுரத்துக்கு 39 அங்குலம் வேண்டும். ஆக ஒரே மீட்டரில் முழு விரிப்புக்குமான மேல்துண்டுகள் வந்துவிடும், கடைக்காரர் கோணலாக வெட்டாதவரை. வெட்டுவார்கள். ஒன்றேகால் மீட்டராகக் கேட்டு வாங்குங்கள். ஒரே துணியில் வெட்டினால் ஒட்டுப்போர்வைக்கு அர்த்தமே இல்லை என்பது வேறு விஷயம். நான்கு துணியில் கால் மீட்டர், கால் மீட்டர் என்று வாங்கினால் கணக்கு இடிக்கும். கால் மீட்டரில் நெடுக்கே ஒரு வரிசைதான் கிடைக்கும், மிச்சம் மூன்றங்குலம் வீண். மூன்று துணியில் 40 சென்டிமீட்டர் வாங்கினால் ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசை, பன்னிரண்டு சதுரம்.

சிவப்பும் கடும் நீலமும் வாங்கினால் முதலில் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் வந்தால் சாயம் நிற்கும்வரை சுடுதண்ணீரில் அலசவேண்டும். உப்பும் விநாகிரியும் போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். கடைத்துணிச் சாயத்துக்கு இரண்டாலும் பிரயோசனம் இல்லை. உப்பைக் கறிக்குப் போடுங்கள்.

அண்ணன் மகனுக்குப் பேராதனைக் கெம்பஸ் கிடைத்திருக்கிறது. குடும்பத்திலேயே முதல் ஆள். அவனுடைய பாடசாலைச் சட்டை, வீட்டு மெட்ச் ஜேர்சி எல்லாம் சேர்த்து ஒன்று தைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். “ஐயோ அத்த, ரூம்ல பசங்க சிரிப்பானுங்க.” சரி, மேல்பக்கம் கறுப்பும் சாம்பலும் மட்டும், கீழ்ப்பக்கம் யாரும் பார்க்காத இடத்தில் அவன் ஜேர்சி எண் மட்டும் என்று ஒப்பந்தம். ஜேர்சித் துணி இழுபடும். பின்பக்கம் காலருக்கு வைக்கிற மெல்லிய கென்வஸை அயன் பண்ணி ஒட்டிவிட்டுத்தான் வெட்டவேண்டும், இல்லையென்றால் சதுரம் சதுரமாக நிற்காது. பேராதனை நம் பக்கம்போல் குளிராது, ஆகவே நடுவில் பஞ்சு வேண்டாம். ஹட்டன் நடைபாதையில் விற்கிற மெல்லிய ஃப்ளீஸ் போர்வையை நடுவில் வைத்தால் போதும். அது சுருங்காது, நூல் பிரியாது, தண்ணீர் குடிக்காது. காலையில் துவைத்தால் இரவுக்குக் காய்ந்துவிடும். அவன் துவைப்பான் என்பது என் அண்ணியின் நம்பிக்கை.

அம்மாவின் சேலைகள்தான் இந்த வருடத்தின் பெரிய பிரச்சினை.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. டிரங்குப் பெட்டியில் பெரும்பாலும் நைலோனால் ஆன நைலக்ஸ் சேலைகள், மெல்லிய பருத்தியில் மூன்று வொயில் சேலைகள். அண்ணன் வத்தளையில் இருக்கிறார், தங்கச்சி கொட்டகலையில், நான் இங்கே. மூவருக்கும் அம்மா சேலையில் ஆளுக்கொரு போர்வை என்று நான்தான் பேச்சைத் தொடங்கினேன். அண்ணன் போனிலேயே சத்தம் போட்டார்: “அம்மா சேலையில கத்திரி வைக்காத. சொல்லிட்டேன்.” தங்கச்சிக்குக் கோபம்: “அப்ப பெட்டியிலேயே கெடந்து பூச்சி அரிக்கட்டுங்கிறியா?” இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. சேலையைச் சதுரம் சதுரமாக வெட்டி வேறு துணியோடு கலந்தால் அது யாருடைய சேலை என்று பத்து வருடம் கழித்துச் சொல்ல முடியாது. பெட்டியில் வைத்தாலோ மடிப்பு மடிப்பாக இற்றுப்போகும்.

கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது வங்காளதேச மேற்பார்வையாளர் ஒருவர் எங்களுக்குக் காந்தா தையலைக் காட்டியிருந்தார். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கடுக்காக வைத்து, மேலே நெருக்கமாக நூலோட்டத் தையல் போட்டுப் போர்வையாக்குவார்கள். அந்தக் காலத்தில் தைக்கிற நூலைக்கூடக் கடையில் வாங்கமாட்டார்களாம், பழைய சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம். அதை நினைத்துக்கொண்டு சேலையை அளந்தேன். ஐந்தரை மீட்டர் நீளம். மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பு 1.83 மீட்டர், அதாவது 72 அங்குலம். அகலம் அதன் இயல்பான 45 அங்குலம். ஒரு ஆள் போர்த்துகிற அளவு! நடுவில் ஒன்றுமே வேண்டாம், மூன்று மடிப்பும் அதே சேலை. கத்தரிக்கோல் படவேண்டியதில்லை. பின்னொரு நாள் யாருக்காவது மனம் மாறினால் தையலைப் பிரித்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். முந்தானையை மேல்மடிப்பாக வரும்படி பார்த்துக்கொண்டால் சேலையின் முகமும் தெரியும்.

அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “வத்தளை வெக்கைக்கு மூணு மடிப்பு சரிதான்” என்றார். சம்மதம் என்று அர்த்தம். வொயில் என்பதால் வியர்வையை உறிஞ்சும், மின்விசிறிக்குக் கீழே இதமாக இருக்கும், நனைந்தாலும் ஒரு கையால் தூக்கலாம். தங்கச்சிக்கும் இதே தையல்தான், ஆனால் கொட்டகலைக் குளிருக்கு மடிப்புகளுக்கு நடுவில் ஒரு ஃப்ளனல் சேரும். நூலோட்டத்தைக் கையால்தான் போடவேண்டும், விரல்கடை அகலத்துக்கு ஒரு வரி. மெஷினில் ஓட்டினால் வொயில் சுருண்டு முறைத்துக்கொள்ளும். நைலக்ஸை என்ன செய்வது என்று மூவருக்கும் தெரியவில்லை. வழுக்கும், நெருப்புக்கு ஆகாது, வெக்கைக்கும் ஆகாது. ஆனால் அம்மா ஞாபகம் வரும்போது எங்கள் கண்ணுக்குத் தெரிவது அந்த நைலக்ஸ் பூக்கள்தானே. கோயிலுக்குக் கட்டிய வொயில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.

இறந்தவர் துணியில் போர்வை தைப்பதைப் பற்றிச் சிலர் முகம் சுளிக்கிறார்கள், தோஷம் என்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைத்துப் போட்ட ஒரு மூலையில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே மண்ணில் குத்தகைக்குப் பயிர் செய்து கடனில் கிடந்தவர்கள். அந்த ஊர்ப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள், பலகை வீட்டுக்குள் காற்றடிக்கும் குளிருக்காக. 1942இல் மிசூரி பெட்வே என்ற அம்மா, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளாலேயே ஒரு போர்வை தைத்தார், அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. முழங்கால் தேய்ந்த இடமும், பை பிரித்த இடத்தில் வெளுக்காத நிறமும் அதில் அப்படியே தெரிகின்றன. 2002இல் அந்த ஊர்ப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரேறின, அதே ஆண்டு நியூயோர்க்குக்கும் போயின. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரைகளிலும் வந்தன. இதை நான் சொல்வது அருங்காட்சியகத்துக்காக அல்ல. அவையெல்லாம் பல வருடம் போர்த்தி, துவைத்து, வெளுத்த போர்வைகள். தோட்டத்து வேலை உடுப்பு என்றால் நமக்குத் தெரியாததா?

பக்கத்து வீட்டு அக்கா அந்த மிசூரி போர்வையின் படத்தை என் போனில் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்காரரின் சட்டைகளை ஒரு உரப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். கவ்வாத்து வெட்டிய மனிதர். தோள்பட்டை எல்லாம் நைந்திருக்கிறது, முதுகுப்பக்கம் மட்டும் வெட்டத் தேறும். சாரன் இரண்டு நல்ல நிலையில் இருக்கின்றன. அக்காவின் நிபந்தனை ஒன்றுதான்: “அந்த நீலச் சட்ட பையி மட்டும் அப்படியே இருக்கணும் தங்கச்சி.” பையைப் பிரிக்காமல் சதுரத்தின் நடுவில் வரும்படி வெட்டியிருக்கிறேன். நைந்த துணிக்குப் பின்னால் பழைய வொயில் லைனிங் வைத்துத் தைப்பதால் இன்னும் பல துவைப்பு தாங்கும்.

டொரொண்டோவில் இருக்கும் சினேகிதிக்கு எடை வேறு விதத்தில் இடிக்கிறது. இவளும் நானும் கட்டுநாயக்கவில் ஒரே போடிங்கில் வாடகைக்கு அறை எடுத்து இருந்தவர்கள். 1978இல் திறந்த அந்த வர்த்தக வலயத்துக்கு மலையகத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் போயிருப்போம். அவள் தைப்பது கை, நான் தைப்பது காலர், வருடக்கணக்காக ஒரு முழுச் சட்டையை நாங்கள் இருவரும் தைத்ததே இல்லை. முழுப் போர்வையாக அனுப்பினால் தபால் செலவு போர்வையின் செலவைத் தாண்டிவிடும். அதனால் மேல்துணியை மட்டும் சேர்த்து அனுப்புகிறேன், அரைக்கிலோவுக்குள் நிற்கும். பஞ்சும் கீழ்த்துணியும் அவள் அங்கே வாங்கிக்கொள்வாள், அந்தக் குளிருக்கு எது தோது என்று அவளுக்குத்தான் தெரியும். ஒன்றே ஒன்று, அங்கே சூட்டு மெஷினில் காயவைப்பார்கள். வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் சுடுதண்ணீரில் துவைத்துச் சுருங்கவைத்துவிட வேண்டும். பாதித் துணி சுருங்கிப் பாதி சுருங்காமல் போனால் போர்வை முழுக்கச் சொறிபிடித்த மாதிரி ஆகிவிடும்.

பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர்களும் இதைப் படிப்பார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பீங்கானை இன்னும் கண்ணாடி அலுமாரியில் ஸ்டிக்கரோடு வைத்திருக்கிற வீட்டுக்கு நான் போர்வை தருவதில்லை. பூச்சி உருண்டை போட்டு, நல்ல நாளைக்கென்று மடித்து வைத்து, விருந்தாளி வந்தால் மட்டும் எடுத்துக் காட்டுகிற போர்வை எதற்கு? அந்த வீட்டுப் பிள்ளைகள் குளிரில் சுருண்டு படுத்திருப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலை சரிந்து ஜனங்கள் பாடசாலைக் கட்டடங்களில் ஒதுங்கியபோது, நான் கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தேன். தடித்தவை ஒருமுறை நனைந்ததும் மூலையில் ஈரமாகவே கிடந்தன. ஃப்ளீஸ் வைத்த மெல்லியவைதான் கை மாறிக் கை மாறிப் புழங்கின. அதற்குப் பிறகு தடித்த போர்வை தைப்பதையே விட்டுவிட்டேன்.

விற்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒரு போர்வைக்குப் போகும் நேரத்தைத் தோட்டத்துப் பெயர்க் கணக்கில், அதாவது நாள்கூலிக் கணக்கில், போட்டால் வாங்க ஆள் இருக்காது. போடாமல் விற்றால் நான் எனக்கே கங்காணி ஆகிவிடுவேன். வேண்டாம்.

மூன்று அடுக்கையும் ஒன்றாகப் போட்டு ஊசி குத்துவதற்கு இடம் வேண்டும், அது எங்கள் வீட்டில் இல்லை. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா சனிக்கிழமை மத்தியானத்தில் சாவி தருகிறார். சீமெந்துத் தரையில் கீழ்த்துணியைக் கவிழ்த்து விரித்து, நான்கு மூலையையும் டேப் ஒட்டி இழுத்து, பஞ்சையும் மேல்துணியையும் போட்டு, கையகல இடைவெளியில் ஊசிப்பின் குத்திக்கொண்டே போகவேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு. கீழ்த்துணியும் பஞ்சும் ஒவ்வொரு பக்கமும் நாலங்குலம் கூட இருக்கட்டும், தைக்கத் தைக்க இழுத்துக்கொள்ளும். கீழ்த்துணிக்கு இரண்டு அகலம் சேர்த்துத் தைப்பதைவிட டபுள் பெட்சீட் ஒன்றை வாங்குவது லாபம். 60க்கு 72 போர்வைக்கு ஓரப்பட்டி சுற்றளவு 264 அங்குலம். இரண்டரை அங்குல அகலத்தில் ஏழு பட்டி வெட்டி, சாய்வாக ஒட்டிச் சேர்த்து, நெடுக்கே இரண்டாக மடித்துத் தைக்க, அரை கெஜத் துணி போதும். ஓரம்தான் முதலில் கிழியும், அதனால் இரட்டை மடிப்பு.

ஒரு மூலையில் வெள்ளை நாடாவில் பெயரும் வருடமும் நூலால் எழுதுகிறேன். அதற்குக் கீழே “துவைக்கலாம்” என்று ஒரு சொல்.

இப்போது வெளியே மழை அடித்துக்கொண்டிருக்கிறது. ஓகஸ்ட் குழந்தைக்கான விரிப்பு மட்டும் ஜனவரி வெயிலுக்குக் காத்திருக்க முடியாது. அதற்கு வழி வெலிமடையில் இருக்கிறது. எங்கள் பக்கம் மழை கொட்டும் மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், ஊவாவில், காற்றும் வெயிலும் காயும். வெலிமடையில் என் இன்னொரு போடிங் சினேகிதி இருக்கிறாள். சிங்களப் பெண், எங்களோடு இருந்து தமிழைப் பிடித்துக்கொண்டவள். விரிப்பைத் தைத்து முடித்து நுவரெலியா பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து அவள் ஊருக்கு. அவள் துவைத்து, காயவைத்து, திருப்பி அனுப்புவாள். போன் எடுத்துக் கேட்டேன்.

“காய வச்சுத் தாறேன். எனக்கும் ஒண்ணு தைச்சுத் தரணும்.”

“தாறேன். என்ன சைஸ்?”

“சைஸ் என்னத்துக்கு? நான் போர்த்த மாட்டேன். அலுமாரியில வைப்பேன், வாற ஆளுக்கெல்லாம் காட்டுவேன்.”

பட்டியலின் கடைசியில் அவள் பெயரை எழுதியிருக்கிறேன். 60க்கு 72, பத்திக் துணி, நல்ல வெளிர் நிறங்களில்.